கேட்கப்படாத கோவலன்

அரபு மொழியில் குற்றம் சுமத்தப்பட்டவனை ‘முத்தஹம்’ என்பர். குற்றம் புரிந்தவனை ‘முஜ்ரிம்’ என்பர். முன்னதன் வேர் ‘வஹ்ம்’ என்பதாகும். ஐயம், நினைப்பு, மனத்தோற்றம் என்றெல்லாம் அதற்குப் பொருள் சொல்லலாம். ஆகவே முத்தஹம் என்ற சொல்லில் அடங்கியிருப்பது அம்மனிதனின் செயலன்று. அவனைப் பார்க்கிற மற்றவன் உள்ளத்தில் எழுந்த ஐயமே. ஒரு சொல்லை வடிக்கும்போதே நீதியின் பாதியை உள்ளே வைத்துவிட்ட நுட்பம் இது.

தமிழில் நாம் என்ன செய்திருக்கிறோம்? ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்ற தொடர் நம்மிடம் உண்டு. பிழையற்ற தொடர்தான். ஆனால் நீளமானது, செய்தித்தாளின் தலைப்பில் அதற்கு இடம் போதாது. அதனால் ‘கொள்ளையன் கைது’, ‘குற்றவாளி பிடிபட்டான்’ என்று அச்சாகிறது. நீதிபதி வழக்கைத் தொடங்கும் முன்னரே அச்சுக்கோப்பவர் தீர்ப்பை எழுதிவிடுகிறார். இன்னொரு வழக்கும் உண்டு. காவல் நிலையத் தமிழிலும் நீதிமன்றத் தமிழிலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்று பெயர். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என வரிசைப்படுத்துவார்கள். வழக்கில் எதிர்த்தரப்பில் நிற்பவர் என்ற பொருளில் அது தொடங்கியிருக்கலாம். இன்று அதைப் படிக்கும் எளிய மனிதனுக்கு அது பகைவனையே குறிக்கும். அரசுக்கும் குடிமகனுக்கும் இடையிலான ஒரு விசாரணையில் குடிமகனுக்குப் பகைவன் என்று பெயர் சூட்டுவது நம் மொழிக்கு அழகன்று.

சொல்லாராய்ச்சியிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. குற்றம் சுமத்தப்பட்டவரின் உரிமைகளைப் பற்றி இந்நாளில் எழுதுவோர் பெரும்பாலும் சட்ட நூல்களைத் திறக்கிறார்கள். நாமோ இலக்கியத்தைத் திறந்து பார்க்க விரும்புகிறோம். தமிழில் இதற்குரிய முதல் நூல் சிலப்பதிகாரமே என்பது நம் துணிபு.

மதுரைக் காண்டத்தைப் பற்றி எழுதிய அறிஞர்கள் பாண்டியன் ஆராயாது தண்டித்ததையும், அரசியல் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும் என்ற காப்பியக் கொள்கையையும் மிக விரிவாகப் பேசியிருக்கிறார்கள். ஊழ்வினையையும் பேசியிருக்கிறார்கள். இவை யாவும் உண்மையே. ஆயினும் கொலைக்களக் காதையில் இவற்றினும் கூர்மையான ஒன்றை இளங்கோ வைத்திருக்கிறார். அரசன் வாயிலிருந்து கட்டளை பிறந்த நேரத்துக்கும் வாள் வீசப்பட்ட நேரத்துக்கும் இடையில் நடப்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் தோற்றம் திருடன் தோற்றமாக இல்லையே என்று அவர்களுள் ஐயம் எழுகிறது. பொற்கொல்லன் உடனே களவு நூலை விரிக்கிறான். மந்திரம், மருந்து, நிமித்தம் என்று கள்வருக்கு எட்டு வகைத் துணைகள் உண்டென்று பாடம் நடத்துகிறான். இளங்காவலன் ஒருவன், முன்னொரு நாள் இரவில் ஒரு திருடன் தன்னிடம் எவ்வாறு தப்பினான் என்ற கதையைச் சொல்கிறான். பேச்சு வளர்கிறது. இறுதியில் குடிவெறியில் இருந்த கல்லாத காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இத்தனை பேர் பேசுகிறார்கள், கோவலன் பேசவில்லை. ‘இச்சிலம்பு உனக்கு எவ்வாறு கிடைத்தது?’ என்று ஒரே ஒரு கேள்வி. அதை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ‘என் மனைவியின் சிலம்பு, இதன் இணை அவளிடம் இருக்கிறது’ என்று அவன் சொல்லியிருப்பான், காப்பியமே அங்கு முடிந்திருக்கும். காவலருள் ஐயம் எழாமலும் இல்லை. அந்த ஐயத்தை ‘நிபுணர்’ ஒருவர் வந்து அடக்கிவிட்டார். அவரோ உண்மைத் திருடர்! அரசன் கட்டளையையும் கவனிக்க வேண்டும். சிலம்பு அவன் கையில் இருக்குமானால் என்பதே அதன் நிபந்தனை. பொருள் கையில் இருந்தது. ஆகவே களவு மெய்ப்பட்டது! இன்றும் காவல்துறைக் குறிப்புகளில் ‘பொருள் கைப்பற்றப்பட்டது’ என்ற வாக்கியத்தைக் கண்டவுடன் மேற்கொண்டு எதையும் கேளாதவர்களாக நாம் இருக்கிறோம். கண்ணகி வழக்குரைக்க வந்தபோது நடந்ததே உண்மையான விசாரணை. பரல் முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்கப்பட்டது. அது சாட்சியத்தைச் சோதிக்கும் முறை. ஆனால் தண்டனை முன்னமே நிறைவேறிவிட்டது.

காப்பியத்தை விட்டு நம் மண்ணுக்கு வருவோம். புதுச்சேரியில் நைனியப்பப் பிள்ளை வீதியில் நடப்பவர் பலர். அப்பெயருக்குரியவர் சிறையில் இறந்த கதை அறிந்தவர் சிலரே. பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் தரகராக இருந்தவர் அவர். 1716 இல் ஆளுநர் எபேர் காலத்தில் கைது செய்யப்பட்டார்; கொடுங்கோன்மை, கலகம் என்று குற்றங்கள் சுமத்தப்பட்டன. கடைவீதியில் ஐம்பது கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல் என்று தண்டனை விதிக்கப்பட்டது. 1717 இல் சிறையிலேயே காலமானார். பிரான்சு வரை முறையீடுகள் சென்றன. சில ஆண்டுகளில் தண்டனை தவறென்று நீக்கப்பட்டது. ஆனால் நீக்கப்பட்டதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. அவர் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையும் அவ்வழக்கில் சிறைப்பட்டார். அத்திருவேங்கடம் பிள்ளையின் மைந்தரே நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை. கால் நூற்றாண்டு நாள்தோறும் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய்வோர், எழுத்தால் வீழ்த்தப்பட்ட அக்குடும்பத்தின் நினைவையும் கணக்கில் கொள்ளலாம் என்பது நம் ஊகம்.

எழுத்தால் வீழ்த்தப்பட்ட என்று சொன்னோம். டான்னா ஆக்மன் என்ற வரலாற்றாசிரியர் 2017 இல் இவ்வழக்கைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தனி நூலே வெளியிட்டிருக்கிறார். அந்நூலின் பெருஞ்சிறப்பு, வழக்கில் மொழி என்ன வேலை செய்தது என்பதைக் காட்டியதாகும். சாட்சிகள் தமிழில் பேசினர். ஏசுசபையாரின் உபதேசியாருடைய மகன் மொழிபெயர்த்தார். ஏடு பிரெஞ்சில் எழுதப்பட்டது. சாட்சிகள் அடியில் கையொப்பமிட்டனர். எதில் கையொப்பமிட்டோம் என்று தங்களுக்குத் தெரியாதென்று பின்னர் சாட்சிகள் கூறினர். அக்காலத்துக் கடற்கரை வணிகத்தில் நம்மவருக்கும் ஐரோப்பியருக்கும் பொதுவாக வழங்கிய மொழி போர்த்துக்கீசியம். இரு தரப்பும் அறிந்த மொழி ஒன்று இருக்க, அறியாத மொழியில் ஏட்டை எழுதியது எதற்காக? நைனியப்பர் தரப்பின் மனக்குறையும் இதுவே. மொழிபெயர்த்தவர் நைனியப்பரை வீழ்த்த விரும்பிய தரப்புக்கு வேண்டியவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வழக்கின் உருவம் தெளிவாகும்.

நம் பிக்ஹு நூல்களில் ‘இக்ரார்’ என்று ஒரு பாடம் உண்டு. ஒருவன் தன்மீதே தரும் ஒப்புதல் அது. ‘இக்ராஹ்’ என்ற பாடமும் வரும், அது வற்புறுத்தல். வற்புறுத்திப் பெற்ற ஒப்புதல் செல்லாது என்பதை மாணவன் இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே ஓதிவிடுகிறான். ஹாரூன் ரஷீதின் தலைமைக் காழியாக இருந்த இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்கள் தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில், சந்தேகத்தின் பேரில் பிடிபட்டவர்களை அடிக்கலாகாது என்று கலீபாவுக்கே எழுதியிருக்கிறார்கள். கைதிகளுக்குப் பொதுநிதியிலிருந்து உணவும், கோடைக்கும் குளிருக்கும் ஏற்ற உடையும் தரவேண்டும். விலங்கோடு தெருவில் பிச்சைக்கு அனுப்புவது இழிவு என்றும் எழுதியிருக்கிறார்கள். கி.பி. எட்டாம் நூற்றாண்டு அது. அதை ஓதிய நாம் நம் ஊர்ப் பையன் ஒருவனைக் காவலர் அழைத்துச் சென்றால், ‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்று திண்ணையில் அமர்ந்து பேசுகிறோம். கிதாபு தலையில் ஏறியிருக்கிறது. நாவுக்கு இறங்கவில்லை போலும்!

அரசியலமைப்பு நம் வட்டாரத்துக்கு வந்த வரலாறும் தனியானது. 1954 அக்டோபர் 18 ஆம் நாள், வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினர். நவம்பர் முதல் நாள் ஆட்சி மாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16 இல் நிறைவுற்றது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1963 அக்டோபர் முதல் நாள் இங்கு நடைமுறைக்கு வந்தது. ஆகவே வில்லியனூரிலும் பாகூரிலும் முதியவர் சிலர் பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ்ப் பிறந்தவர்கள். ‘மேரி’, ‘நொத்தேர்’ என்ற சொற்கள் அவர்கள் வாயில் இன்றும் வழங்குகின்றன. ‘கொம்யூன்’ அரசாங்கப் பலகையிலேயே நிலைத்துவிட்டது.

அவ்வரசியலமைப்பு தருவது யாது? தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது 20 ஆம் உறுப்பின் மூன்றாம் பகுதி. சட்டம் வகுத்த முறையின்றி எவரது உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்பது 21 ஆம் உறுப்பு. கைதுக்கான காரணத்தைச் சொல்லவேண்டும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விடவேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்பன 22 ஆம் உறுப்பு. காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்கலாகாது என்பது 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே உண்டு. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் 23 ஆம் பிரிவாக அது தொடர்கிறது. அம்மூன்று புதிய சட்டங்களின் பெயர்களை நம் பாகூர் விவசாயி ஒருவர் ஒருமுறை பிழையின்றிச் சொல்லிவிட்டால் அவருக்குப் பரிசே தரலாம். பெயரிலேயே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் சட்டங்கள் அவை.

கைதுக் காரணத்தைச் சொன்னால் போதுமா, புரியுமாறு சொல்லவேண்டுமா? 1962 இல் ஹரிகிசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்கேள்வியைச் சந்தித்தது. ஆங்கிலம் அறியாத தடுப்புக்காவல் கைதிக்கு ஆங்கிலத்தில் காரணங்கள் தரப்பட்டிருந்தன. வாயால் விளக்கினோம் என்றது அரசு. அது போதாது என்று காவல் நீக்கப்பட்டது. 2025 நவம்பர் 6 ஆம் நாள் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் அதே நீதிமன்றம் இதை எல்லாக் கைதுகளுக்கும் விரித்தது. காரணத்தை எழுத்தில் தரவேண்டும். கைதானவர் அறிந்த மொழியில் தரவேண்டும். உடனே எழுதித் தர இயலாத நிலையிலும், நடுவர் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னரேனும் தந்துவிடவேண்டும். நைனியப்பர் வழக்குக்கும் இதற்கும் இடையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருக்கின்றன.

இனி நம் காலத்து நூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோவையில் ஆட்டோ ஓட்டிவந்த மு. சந்திரகுமார் எழுதிய ‘லாக்கப்’ 2006 இல் வெளிவந்தது. 1983 இல் ஆந்திரத்தின் குண்டூரில் பிழைக்கச் சென்ற இடத்தில் நண்பர்களோடு பிடிக்கப்பட்டுப் பதின்மூன்று நாள் காவல் நிலையத்திலும் பின்னர்ச் சிறையிலும் அடைக்கப்பட்டவர் அவர். பதின்மூன்று நாள்; அரசியலமைப்பு அனுமதிப்பதோ ஒரு நாள். இந்நூலில் நாம் மதிப்பது அதன் அடக்கத்தையே. ஆசிரியர் தம்மை வீரராகக் காட்டவில்லை. அடியைவிட அடிக்குக் காத்திருக்கும் நேரமே நூலில் மிகுதி. வருணனைக்கு ஆசைப்படாத கை அது. நடை சில இடங்களில் கரடுமுரடாக இருக்கிறது. அதைத் திருத்தியிருந்தால் நூல் கெட்டிருக்கும்.

அதனை ஒட்டி வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’ 2015 இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு, தேசிய விருதுகளும் பெற்றது. திரைப்படத்தைப் பற்றி இவ்விதழில் எழுதுவது சில அன்பர்களுக்கு உவப்பாயிராது. பொருளின் அவசியம் கருதிப் பொறுத்தருள்க. படத்தின் முதற்பாதியில் ஒரு காட்சி நம் கட்டுரைக்கு உரியது. குண்டூர் நீதிமன்றத்தில் அத்தமிழ் இளைஞர்கள் நிற்கிறார்கள். தெலுங்கு தெரியாது, நடந்ததைச் சொல்ல வாயிருந்தும் மொழியில்லை. வேறு வேலையாக அங்கு வந்த தமிழ்க் காவல் அதிகாரி ஒருவர் மொழிபெயர்க்கிறார்; நீதிபதிக்கு உண்மை தெரிகிறது; அவர்கள் விடுதலையாகிறார்கள். பார்ப்போர் பெருமூச்சு விடுகிறார்கள். நாமோ அங்கேதான் அச்சம் கொண்டோம். அந்த மொழிபெயர்ப்பாளர் நீதிமன்றம் அமர்த்தியவரல்லர், தற்செயலாக வந்தவர். சற்று நேரத்தில் அவருக்கு இவர்களால் ஒரு வேலை ஆகவேண்டியிருக்கிறது. அவ்வேலையே அவர்களைச் சென்னைக்கும் பின் சாவுக்கும் இட்டுச்செல்கிறது. உரிமையாகக் கிடைக்கவேண்டியது உபகாரமாகக் கிடைத்தால், உபகாரத்துக்கு விலை உண்டு. இயக்குநர் இதைச் சொற்பொழிவின்றிக் காட்டியது அவர் தகுதி.

ஆனால் பிற்பாதியில், கணக்காயர் ஒருவரைச் சுற்றிய அரசியல் சூழ்ச்சி கதையைக் கைப்பற்றிக்கொள்கிறது. தொழிலாளர்கள் தங்கள் கதையிலேயே வேலைக்காரர் ஆகிவிடுகிறார்கள். காவல் கொடுமைக்குப் பெரிய சதி ஒன்று வேண்டுமென்ற எண்ணத்தை அது பார்ப்போருக்குத் தந்துவிடும் என்று அஞ்சுகிறோம். ‘லாக்கப்’ நூலில் சதி ஏதுமில்லை. ஒரு திருட்டு வழக்கை முடித்தாகவேண்டும். கேட்பாரற்ற நால்வர் கையில் அகப்பட்டார்கள். அவ்வளவே. கொடுமை எத்தனை சாதாரணமானது என்பதில் நூல் படத்தை விஞ்சி நிற்கிறது. பாகூருக்கு அண்டைய கடலூர் மாவட்டத்தில், கம்மாபுரம் காவல் நிலையத்தில் 1993 இல் இராசாக்கண்ணு என்ற பழங்குடித் தொழிலாளி மாண்ட வழக்கும் அத்தகையதே. அதைத் தழுவிய ‘ஜெய்பீம்’ 2021 இல் வந்து பலரை அழவைத்தது. வழக்கறிஞரின் வெற்றி அதில் சற்றுக் கூடுதலாக ஒளிர்கிறது என்று மட்டும் சொல்லி அமைகிறோம்.

நம் கொம்யூன்களின் நிலைக்கு இவை தொலைவானவை அல்ல. பாகூரில் ஒரு வயல் வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு. மறுபடியும் சற்று நடந்தால் புதுச்சேரி. எந்தக் காவல் நிலையம், எந்த நடுவர் என்பதே குடும்பத்தாருக்கு முதல் நாள் தெரியாமற் போகும். சுல்தான்பேட்டையிலிருந்தோ வேறோர் ஊரிலிருந்தோ பிள்ளையைத் தேடிச் செல்லும் தாய், நிலையத்தில் நீட்டும் தாளில் கையொப்பமிடுகிறாள். கைதுக்குச் சாட்சியாகக் கையொப்பமிடுகிறாளா, செய்தி தெரிவித்ததற்கா, பொருள் கைப்பற்றியதற்கா என்று அவளுக்குத் தெரியாது. ‘ரிமாண்டு’ என்றால் தண்டனை என்றே பலர் கருதுகின்றனர். ஏழைக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் உண்டு என்பது 39-அ உறுப்பும் 1987 ஆம் ஆண்டுச் சட்டமும் தந்த ஏற்பாடு. சட்டப்பணிகள் ஆணையத்தை அணுகி ஒரு விண்ணப்பம் எழுதினால் போதும். அதைச் சொல்லித்தர ஜமாஅத்தில் எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவர் முன்வரலாம். நிக்காஹ் ஏடு எழுதுகிறவர்க்கு இது கடினமன்று.

காட்சி தலைகீழாவதும் உண்டு. சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். குண்டூரில் சந்திரகுமார் எப்படியோ, இங்கு அவர்கள் அப்படி. அவர்களுள் ஒருவன் பிடிபட்டால், நாம் போற்றும் செந்தமிழே அவனுக்கு நைனியப்பர் வழக்கின் பிரெஞ்சு. தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று மகிழ்ந்துவிட முடியாது.

தண்டிக்கப்பட்டவருக்கும் உரிமை மிச்சமுண்டா என்று கேட்போர்க்கு ஒரு செய்தி. இராசீவ் காந்தி கொலை வழக்கில், அன்று பலர் உயிரிழந்த கொடுமையை எவரும் சிறிதாக்க முடியாது, 1991 இல் பத்தொன்பது வயதில் கைதானவர் பேரறிவாளன். அவ்வழக்கு தடா சட்டத்தின் கீழ் வந்ததால் காவல் அதிகாரி எழுதிய ஒப்புதல் செல்லுபடியாயிற்று. மின்கலங்கள் எதற்கென்று தெரியாமலே வாங்கித் தந்ததாக அவர் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக, ஏட்டில் பதிவு செய்த அதிகாரியே 2013 இல் வெளிப்படையாகக் கூறினார். ஒரு வாக்கியம் விடுபட்டது. இடையில் தூக்குத் தண்டனையும் நீண்ட சிறையும். 2022 மே 18 இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் சிறையிலிருந்தே எழுதினார். அந்த எழுத்துத்தான் வெளியே பேசியது.

சிறையில் எழுதும் உரிமையை நீதிமன்றம் ஏற்றது புதிதன்று. தடுப்புக்காவலில் இருந்த பிரபாகர் பாண்டுரங்க் என்பவர் மராத்தியில் அணுவியல் நூல் ஒன்றை எழுதினார். அதை வெளியே அனுப்ப மறுத்தது மகாராட்டிர அரசு. 1965 இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1994 இல் ‘நக்கீரன்’ வழக்கில், தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட அரசு முன்கூட்டித் தடை விதிக்க முடியாதென்று கூறப்பட்டது. அக்கதையின் இலக்கியத் தரம் வேறு விஷயம். உரிமை தரத்தைப் பார்த்து வருவதன்று.

மதரஸாவில் ஓதியவர்க்கு இங்கு இமாம் ஸரக்ஸீ (ரஹ்) நினைவுக்கு வருவார்கள். பதினோராம் நூற்றாண்டில் ஆட்சியாளரின் சினத்துக்கு ஆளாகி உஸ்கந்தில் கிணறு போன்ற ஆழ்சிறையில் கிடந்தவர்கள். நூல்கள் கையில் இல்லை. மாணவர்கள் மேலே விளிம்பில் அமர்ந்து எழுத, நினைவிலிருந்தே ‘அல் மப்ஸூத்’ என்ற முப்பது பாகப் பெருநூலைச் சொல்லி வந்தார்கள். ஒப்புதலைப் பற்றிய பாடமும் வற்புறுத்தலைப் பற்றிய பாடமும் அந்நூலில் இருக்கின்றன. சில பகுதிகளின் முடிவில், இதைச் சொன்னவர் சிறையில் இருக்கிறார் என்ற குறிப்பும் இருக்கிறது. நம் தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில், பல்லாண்டு விசாரணைக் கைதியாக இருந்து விடுதலையான ஒருவர் தம் கையால் எழுதிய, ‘லாக்கப்’ தரத்து நூல் ஒன்று இன்னும் நம் கண்ணில் படவில்லை. எவரேனும் எழுதி வைத்திருந்தால், கையெழுத்துப் படியாக இருந்தாலும் குற்றமில்லை, இவ்விதழின் முகவரிக்கு அனுப்பினால் படித்துப் பார்த்து எழுதுவோம்.